ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,415 லிட்டர் தண்ணீரா? தோட்டத்து மாட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா?

ஒரு கிலோ மாட்டிறைச்சியை உற்பத்தி செய்ய 15,415 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற தகவல் புலனக் குழுக்களில் அவ்வப்போது வலம் வரும். வெயில் காலத்தில் குழாய் நீர் மெலிந்தால் இன்னும் வேகமாகப் பரவும். எண் பொய்யல்ல. ஆனால் ஜாசினிலோ ஆலோர் காஜாவிலோ செம்பனைக்கு இடையே மேயும் மாட்டைக் காட்டி அதைச் சொல்வதற்கு முன், அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

மலாக்கா மக்களுக்குத் தண்ணீர்ப் பேச்சு பொழுதுபோக்கு அல்ல. 1991-இல் டுரியான் துங்கால் அணைக்கட்டு வற்றியபோது மாநிலம் மாதக்கணக்கில் பங்கீட்டு நீரில் வாழ்ந்தது. வாளியும் தோம்புமாக லாரிக்குக் காத்திருந்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். டுரியான் துங்கால், ஜுஸ், ஆசகான் அணைகளில் நீர்மட்டம் இறங்கியதால் 2020 தொடக்கத்திலும் பங்கீடு வந்தது. சொந்த ஆறுகள் போதாமல், ஜொகூரின் மூவார் ஆற்று நீரையும் நம்பியிருக்கும் மாநிலம் இது.

15,415 என்ற எண் நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே பேராசிரியராக இருந்த ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா 2002-இல் 'நீர்த்தடம்' என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு பொருள் கைக்கு வந்து சேரும்வரை எவ்வளவு நீர் செலவாகிறது என்று கூட்டிப் பார்ப்பதுதான் நீர்த்தடம். அவரும் மெஸ்பின் மெக்கோனனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, நீரை மூன்று நிறமாகப் பிரித்தது. மண்ணில் விழுந்து புல்லும் பயிரும் உறிஞ்சும் மழைநீர் பச்சை. ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீர் நீலம். கழிவின் அழுக்கை நீர்த்துப்போகச் செய்யத் தேவைப்படும் நீர் சாம்பல்.

மாட்டிறைச்சியின் 15,415 லிட்டரில் பச்சை 14,414. நீலம் 550, சாம்பல் 451. இது உலகச் சராசரி. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு வானத்திலிருந்து விழுந்த மழை!

மலாக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன்படி ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய 80 லட்சம் லிட்டர் விழுகிறது. மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது விழும். செம்பனை நிழலில் புல் முளைக்கும். மாடு மேயாத தோட்டத்தில் அந்தப் புல்லை அழிக்க மருந்து அடிக்கிறார்கள். இந்த மழைநீரை மாட்டின் கணக்கில் எழுதி அணைக்கட்டு வற்றியதற்குப் பழி போடுவது நியாயமாகாது. மேய்ச்சலுக்காகவே காட்டை அழித்த பிரேசிலில் அதே பச்சை நீருக்குப் பொருள் வேறு. அங்கே புல்லுக்குப் போனது காட்டுக்குரிய மழை.

மாடு குடிக்கும் நீர் எவ்வளவு? நம் நாட்டு வெயிலில் ஒரு மாடு நாளைக்கு 40 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டில் 43,800 லிட்டர். அந்த மாடு 100 கிலோ இறைச்சி தந்தால், கிலோவுக்கு 438 லிட்டர். தோட்டத்து மாடு இதில் பெரும்பகுதியைக் கால்வாயிலும் குட்டையிலும் குடித்துக்கொள்கிறது. குழாய் நீர் கேட்பது மாலையில் கொட்டகைக்குத் திரும்பிய பிறகுதான்.

மாட்டைக் கொட்டகையிலேயே கட்டிப்போட்டு, வாங்கிய தீவனத்தைப் போட்டால் நிலைமை மாறும். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு உள்நாட்டிலேயே கிடைக்கிறது. மக்காச்சோளமோ பெரும்பாலும் அர்ஜெந்தினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அந்த நாட்டு நீரும் அதோடு கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. இதைத் தமிழில் 'மறைநீர்' என்கிறார்கள். இந்தக் கருத்தைச் சொன்ன இலண்டன் பேராசிரியர் டோனி ஆலனுக்கு 2008-இல் ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது.

"நாங்கள் மாட்டிறைச்சியே தொடுவதில்லை, எங்களுக்கு எதற்கு இந்தக் கணக்கு?" என்று கேட்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அதே ஆய்வின்படி ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு 5,521 லிட்டர், கோழிக்கு 4,325 லிட்டர், பாலுக்குச் சுமார் 1,020 லிட்டர். கோழிக்கு எண் குறைவுதான். ஆனால் நாட்டின் பண்ணைக் கோழி தின்பது பெரும்பாலும் இறக்குமதிச் சோளமும் சோயாவும். தானாக முளைத்த புல்லை அது தின்பதில்லை.

இன்னொன்று, மாட்டிறைச்சித் தொழிலுக்கு வெளியே தோட்டத் தமிழர்கள் எப்போதும் இருந்ததில்லை. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களோடும் இந்திய வியாபாரிகளோடும் வந்த மாடுகளின் வழிவந்த இனத்தைக் கால்நடைத் துறையினர் இன்றும் 'உள்நாட்டு இந்தியப் பால்மாடு' என்றே அழைக்கிறார்கள். பால் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போகும். காளைக் கன்றுகள் வளர்ந்து, ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது வியாபாரியிடம் போகும். பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணச் செலவுக்கோ கைகொடுப்பது அந்தப் பணம்தான்.

இப்போது மேய்ச்சல் நிலம் சுருங்கிவருகிறது. மறுநடவு செய்த இளங்கன்றுகளை மாடு கடித்துவிடும், மண் இறுகிவிடும் என்பது தோட்ட நிர்வாகங்களின் கவலை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மேய்ச்சல் மூடப்பட்டால் மாடு மறைந்துவிடாது. விற்க மனமில்லாதவர் கொட்டகையில் கட்டுவார், தீவனம் வாங்குவார், குழாயைத் திறப்பார். மழைநீரில் வளர்ந்த மாடு அணைநீருக்கு மாறும். பச்சைக் கணக்கு நீலக் கணக்காகும். மேய்ச்சல் பற்றிப் பேச உட்காரும்போது இரு தரப்பும் இதையும் மேசையில் வைக்கலாம்.

மாடு வளர்ப்போர் பதில் சொல்ல வேண்டிய இடம் சாம்பல் நீர். ஒரு மாடு நாளைக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். பத்து மாட்டுக் கொட்டகையைக் கழுவி நேரே கால்வாயில் விட்டால், அது ஆற்றுக்குத்தான் போகும். மலாக்கா ஆறு ஆலோர் காஜா வட்டாரம் வழியாகத்தான் நகருக்கு வருகிறது. அந்த நீரைச் சுத்தம் செய்யும் செலவு யார் தலையிலாவது விழும். சாணத்தை முதலில் வாரிக் குவித்துவிட்டுத் தரையைக் கழுவினால் பாதி வேலை முடிந்தது. காய்ந்த சாணத்தைக் கேட்டு வாங்கிப்போகக் காய்கறித் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள்.

தொட்டி நிறைந்ததும் தானாக நின்றுவிடும் மிதவை வால்வு ஒன்றைப் பொருத்துவதும் பெரிய செலவல்ல. நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் ரப்பர் குழாயைத் தொட்டியில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் மறந்துபோனால் 600 லிட்டர். அது பதினைந்து மாடுகள் ஒரு நாள் முழுக்கக் குடிக்கும் நீர்.