தாய்மையும் நாடித் துடிப்பும்



உங்கள் வலக்கை விரல்கள் இரண்டை இடக்கை மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்புறத்தே மெல்ல வைத்துப் பாருங்கள். அங்கே ஓர் அசைவு தட்டுப்படும். அதுவே நாடி. இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுந்தோறும் எழுகின்ற அலை அது. ஓய்வாக அமர்ந்திருக்கும் வளர்ந்த மனிதருக்கு அது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. கருவுற்ற பெண்ணுக்கோ அத்துடிப்பு சற்று விரைகின்றது. அவ்விரைவு எதனால் உண்டாகிறது? எப்போது அஃது இயற்கை, எப்போது நோய்? அக்காளோ அண்ணியோ கருவுற்றிருக்கும் வீட்டில் வாழும் இளைஞர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் நன்று. நான் மருத்துவன் அல்லேன். மருத்துவர்கள் தெளிவாக்கியுள்ளவற்றை ஓர் ஆசிரியனுக்குரிய முறையில் எடுத்துரைக்கின்றேன்.

முதலில் ஒரு கணக்கு. இருதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கிறது எனக் கொள்வோம். பெருக்கிப் பாருங்கள், 4,900 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்து லிட்டர் வரும். கருப்பைக்கும் நச்சுக்கொடிக்கும் வேண்டிய இரத்தத்தை அனுப்புவதற்காக, கருவுற்ற காலத்தில் இத்தொகை 30 முதல் 50 விழுக்காடு வரை உயர்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் இரத்தமும் மிகுகிறது. துடிப்பின் எண்ணிக்கையும் 10 முதல் 20 வரை கூடுகிறது. கடைசி மாதங்களில் நாடி இன்னும் விரைவாக இருக்கும். இது நோயன்று, உடல் மேற்கொண்டிருக்கும் கூடுதல் உழைப்பின் அடையாளம்.

ஆயினும், ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம்’ என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவதில்தான் ஆபத்து இருக்கின்றது. விரைவுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம் அல்லவா?

அவற்றுள் நம் நாட்டில் மிகப் பரவலானது இரத்தச் சோகை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையவர்கள். உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்கள் குறையும்போது, அக்குறையை ஈடுசெய்ய இருதயம் விரைந்து ஓடுகிறது. இங்கே அடக்க வேண்டியது துடிப்பை அன்று. தீர்க்க வேண்டியது சோகையை. கருவுற்றோருக்கு அரசு நலவாழ்வு நிலையங்களில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளுதல் வேண்டும். தேநீரும் காப்பியும் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்குமாதலின், அவற்றோடு சேர்த்து விழுங்கலாகாது. காய்ச்சல், ஓயாத வாந்தியால் நீர் வற்றுதல், தைராய்டுச் சுரப்பியின் மிகை வேலை, அளவு மீறிய காப்பி, சில சளி மருந்துகள் ஆகியனவும் நாடியை விரைவிக்கும்.

இனி, கவனமாகக் கேட்க வேண்டிய ஒன்று. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ரூமாட்டிக் காய்ச்சல், சிலருக்கு இருதயத்தின் இடப்பக்க வால்வைச் சுருக்கிவிடும். கிணற்றில் இறக்கிய சால் நிரம்புமுன் இழுத்தால் அரைச் சால் நீர்தானே மேலே வரும்? வாயில் குறுகிய இருதய அறையும் நிரம்புவதற்கு நேரம் வேண்டி நிற்பது. துடிப்பு விரைந்தால் அந்நேரம் சுருங்குகிறது; உள்ளே செல்ல இயலாத இரத்தம் நுரையீரலிலே தேங்குகிறது; மூச்சு முட்டுகிறது. இந்நோயைத் திருமணத்திற்கு அஞ்சி மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அம்மறைவு ஒரு பெண்ணின் உயிரையே கேட்கக் கூடும். கருவுறுவதற்கு முன்னரே மருத்துவரிடம் உரைத்து ஆவன செய்துகொண்டால், பேறு காலத்தைக் காக்கும் வழிகள் பல உள்ளன.

வேறு சிலருக்கு, இருதயத்தின் மின்னோட்டப் பாதையில் ஏற்படும் கோளாற்றால், படபடப்பு திடீரெனத் தொடங்கி நிமிடத்துக்கு 150க்கும் மேலே சென்று, திடீரென்றே நின்றுவிடும். மருத்துவர் வருமுன் அது நின்றுவிடுமாதலால், எண்ணி எழுதி வைத்த குறிப்பு பெரிதும் பயன்படும். ஜான் ஃபிளாயர் என்னும் ஆங்கில மருத்துவர், கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை 1707இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். ‘மிகவும் படபடக்கிறது’ என்பதைவிட, ‘காலை பத்து மணிக்கு 140, கால் மணி நேரம் நீடித்தது’ என்பதே மருத்துவருக்கு உதவும்.

ஆதலின், படபடப்பு வந்தால் அவரை அமரச் செய்யுங்கள், நீர் கொடுங்கள். மாதங்கள் முதிர்ந்தவராயின் இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கட்டும். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். பின்னர் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். ஓய்வுக்குப் பின்னும் 120க்கு மேல் நின்றாலோ, மார்பு வலி, மயக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், இரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலோ, சற்றும் தாமதியாமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குழந்தை பிறந்த பின்னரும் சில மாதங்கள் இந்த விழிப்பு வேண்டும். இருதயத் தசை தளரும் நோய் அக்காலத்திலும் தோன்றுவதுண்டு.

‘மருந்து குழந்தைக்கு ஆகாது’ என்று அஞ்சி, மருத்துவர் கொடுத்ததைத் தாமே நிறுத்திவிடுவோரும் உளர். சில மருந்துகள் ஆகா என்பது மெய்யே. அவற்றை மருத்துவர் விலக்குவார். ஆனால் கருவுற்ற காலத்திலும் பயன்படுத்தத்தக்கவை உண்டு. அடினோசின் என்னும் ஊசிமருந்து இரத்தத்தில் சில விநாடிகளிலேயே சிதைந்துவிடுவது. இன்றியமையாத நிலையில், இருதயத்தைச் சீராக்கும் மின்னதிர்ச்சி மருத்துவமும் செய்யப்படுகிறது. தாயின் இரத்த ஓட்டம் குன்றினால் சேய்க்கும் குன்றும். ஆகவே தாயைக் காப்பதே சேயைக் காக்கும் வழி.

உடல்நூற் பாடத்தில் இருதயத்தின் நான்கு அறைகளை வரைந்து காட்டும் நீங்கள், இன்று மாலையே வீட்டில் ஒருவருடைய நாடியை எண்ணிப் பழகுங்கள். தேவை நேரும் நாளில் உங்கள் விரல்கள் தடுமாறாதிருக்க அப்பழக்கம் துணை செய்யும்.