கம்பி எண்ணியவர்களை எண்ணிய தொகுதி

நவம்பர் 3-ஆம் தேதி நியூயார்க் மாநில செனட்டின் 63 இடங்களுக்கும் தேர்தல். நாள் நெருங்க நெருங்க, பிள்ளைகள் அங்கே வேலையில் இருக்கும் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. வாஷிங்டனில் உட்காரும் செனட்டர் வேறு, மாநிலத் தலைநகரான ஆல்பனியில் உட்காரும் செனட்டர் வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டியதில்லை. குழப்பம் வேறோர் இடத்தில். 'என் மகனுக்கு இன்னும் பச்சை அட்டைகூட வரவில்லை. வாக்கும் இல்லை. தொகுதி பிரிக்கும்போது அவனையும் எண்ணியிருக்கிறார்கள் என்கிறானே, உண்மையா?' என்பதுதான் பல கடிதங்களின் சாரம்.

உண்மைதான். ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் மக்கள் வாழும் பரப்புதான் ஒரு தொகுதி என்கிறது அரசு விளக்கம். வாக்காளர்கள் என்று அதில் எங்கும் இல்லை. குழந்தையும் உண்டு, விசாவில் வந்தவரும் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'வாழ்பவர்' யார், 'ஏறத்தாழ' என்பது எவ்வளவு என்று முடிவு செய்யும் இடத்தில்தான் அரசியல் உட்கார்ந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள 45-ஆம் செனட் தொகுதியைப் போன்ற நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டி, அடிரோண்டாக் மலைகளைச் சுற்றி விரிந்திருக்கும் தொகுதி அது. காடு, ஏரி, பனி. கூடவே சிறைகள். டானமோரா என்ற சிற்றூரின் பிரதான சாலையை ஒட்டியே ஓடுகிறது கிளின்டன் சிறையின் மதில். இரும்புச் சுரங்கத்தில் கைதிகளை வேலை வாங்குவதற்காக 1845-இல் தொடங்கிய சிறை அது. குளிருக்காக 'சின்ன சைபீரியா' என்று பெயர் வாங்கியது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வட்டாரத்துச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, பிழைப்புக்கு வழியாக வந்தவையும் சிறைகளே. லயன் மவுன்டன் ஊரில் பழைய பள்ளிக்கூடக் கட்டடமே சிறையானது. 1980 குளிர்கால ஒலிம்பிக் லேக் பிளாசிடில் நடந்தபோது வீரர்கள் தங்கக் கட்டிய குடியிருப்பு, போட்டி முடிந்த கையோடு மத்திய அரசின் சிறையாகிவிட்டது.

கைதிகளுக்குப் பஞ்சமே இல்லை. 1973-இல் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் கொண்டுவந்த போதைப்பொருள் சட்டங்களின்படி இரண்டு அவுன்ஸ் ஹெராயின் விற்றாலே குறைந்தபட்சம் 15 ஆண்டு. அப்போது பதின்மூவாயிரத்தை ஒட்டியிருந்த மாநிலக் கைதிகளின் எண்ணிக்கை 1999-இல் 70,000-ஐத் தாண்டியது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நியூயார்க் நகரத்துக்காரர்கள், பெரும்பாலும் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். அடைக்கப்பட்டதோ நகரத்திலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி, வெள்ளையர் வாழும் மலையூர்களில்.

இனித்தான் கணக்கு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒருவர் வழக்கமாக எங்கே உண்டு உறங்குகிறாரோ அந்த இடத்தில் அவரை எண்ணுகிறது. 1790-இல் தொடங்கிய வழக்கம். எனவே நியூயார்க் நகரத்தின் ஹார்லெமிலோ பிராங்க்ஸிலோ கைதானவர், கணக்கெடுப்பு நாளில் டானமோரா வாசி. நியூயார்க் அரசமைப்போ, சிறையில் இருப்பதால் ஒருவர் எந்த ஊரின் வசிப்பிட உரிமையையும் பெறுவதுமில்லை, இழப்பதுமில்லை என்று தெளிவாகவே சொல்கிறது. அது வாக்குரிமைக்கான விதி, எல்லை வரைவதற்கானதல்ல என்று சொல்லிப் பல பத்தாண்டுகள் கடத்திவிட்டார்கள். சிறையில் இருக்கும்வரை அவருக்கு வாக்கும் கிடையாது. தலை மட்டும் கணக்கில் சேர்ந்தது.

2000 கணக்கெடுப்பின்படி ஒரு செனட் தொகுதிக்குச் சராசரியாக 3.06 லட்சம் பேர் வர வேண்டும். பெரிய தொகுதிக்கும் சிறிய தொகுதிக்கும் இடையே மொத்தம் 10 சதவீதம்வரை வித்தியாசம் இருந்தால் நீதிமன்றங்கள் வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை. 2002-இல் செனட்டைக் கையில் வைத்திருந்த குடியரசுக் கட்சி அந்தச் சலுகையைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தது. நகரத் தொகுதிகளில் ஆட்களை நிரம்பத் திணித்தார்கள். தங்களுக்குச் சாதகமான வடக்குத் தொகுதிகளைக் குறைவான ஆட்களோடு வரைந்தார்கள். அப்படி மெலிந்த 45-ஆம் தொகுதியின் கணக்கில்தான் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அடக்கம். சிறைக் கொள்கை ஆய்வாளர் பீட்டர் வாக்னர் 2002-இல் இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். கைதிகளை நீக்கினால் வடக்கே ஏழு செனட் தொகுதிகள் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவைக்கூட எட்டவில்லை.

ஏழு தொகுதி என்பது சிறிய விஷயமில்லை. 62 பேர் கொண்ட அவையில் ஓரிரண்டு இடங்களில் பெரும்பான்மை கைமாறிய காலம் அது. அட்டிகா சிறை இருந்த மேற்குத் தொகுதியின் செனட்டர் டேல் வோல்கர், தம் தொகுதிச் சிறைவாசிகளைவிட அங்குள்ள மாடுகள் தமக்கு வாக்களிக்க வாய்ப்பு அதிகம் என்று வெளிப்படையாகவே பேசியவர். தண்டனைச் சட்டங்கள் கடந்து போக வேண்டிய குழுவின் தலைவரும் அவர்தான். ராக்ஃபெல்லர் சட்டங்கள் அசைய 2004 ஆயிற்று; முறையாகத் தளர 2009 ஆயிற்று. இதைத் தற்செயல் என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம்.

45-ஆம் தொகுதியின் வரலாற்றை இரண்டு பெயர்களில் அடக்கிவிடலாம். 1966 முதல் 2002 வரை அந்த வட்டாரத்தின் செனட்டர் ரொனால்ட் ஸ்டாஃபோர்ட். செனட்டின் நிதிக் குழுத் தலைவராக இருந்தவர். அடுத்து 2003 முதல் 2020 வரை பெட்டி லிட்டில். 54 ஆண்டுகளுக்கு இரண்டே பேர், இருவரும் குடியரசுக் கட்சி. 2020 தேர்தலில் வென்று அடுத்து வந்த டான் ஸ்டெக்கும் அதே கட்சிதான்.

2010-இல் செனட் சிறிது காலம் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தபோது, வரவுசெலவுத் திட்ட மசோதா ஒன்றுக்குள் நுழைத்து ஒரு சட்டம் நிறைவேறியது: எல்லை வரையும்போது மாநிலச் சிறைக் கைதிகளை அவர்கள் கைதாவதற்கு முன் வாழ்ந்த முகவரியில் எண்ண வேண்டும். கொள்கையும் லாபமும் ஒரே திசையில் இருந்ததால் அந்தக் கட்சிக்குத் தயக்கமில்லை. லிட்டிலும் சகாக்களும் வழக்குப் போட்டார்கள். 2011 டிசம்பரில் தோற்றார்கள். ஏறத்தாழ 46,000 கைதிகள் காகிதத்தில் வீடு திரும்பினார்கள்.

சிறைகளும் உள்ளூர்ச் சாலை, தண்ணீர், நீதிமன்றங்களைப் பயன்படுத்துகின்றனவே, அங்கேயே எண்ணினால் என்ன தவறு என்பது எதிர்த்தரப்பின் வாதம். வாக்கில்லாத விசாக்காரரை எண்ணலாம், வாக்கில்லாத கைதியை எண்ணக் கூடாதா என்று நம் வாசகரும் கேட்கக்கூடும். விசாக்காரர் அந்த ஊரில் வாடகை கொடுக்கிறார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார், செனட்டர் அலுவலகத்துக்குப் போய்க் குறை சொல்கிறார். கைதிக்கு அந்த ஊரோடு உள்ள உறவு மதிலோடு முடிகிறது. இதற்குச் சிறந்த சாட்சி லிட்டிலின் சொந்தத் தொகுதியிலேயே இருந்தது. எஸ்ஸெக்ஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது), தன் மேற்பார்வையாளர் அவையில் ஒவ்வோர் ஊருக்கும் எவ்வளவு வாக்கு எடை என்று கணக்கிடும்போது, கைதிகளைச் சேர்க்காமல் விட்டுவிடும் வழக்கத்தை 2003-லேயே சட்டமாக்கியிருந்தது. பக்கத்து ஊர் சிறையைக் காட்டித் தன்னைவிடப் பெரிதாவதை எந்த ஊரும் பொறுக்கவில்லை. ஆல்பனிக்கு அனுப்பும் கணக்கில் மட்டும் கைதிகள் உள்ளூர்வாசிகளாகவே இருந்தார்கள்.

கைதிகள் போனதும் வடக்கு மெலிந்திருக்க வேண்டும். ஆனால் 2012-இல் செனட்டுக்கே 63-ஆவதாக ஓர் இடம் முளைத்தது, அதுவும் நியூயார்க் நகரத்துக்கு வடக்கே. 1894 அரசமைப்பில் செனட்டுக்கு அடிப்படை 50 இடம். பெரிய கவுண்டிகள் வளர்ந்தால் அதற்கேற்பக் கூடும். இடையில் கவுண்டிகளே மாறிவிட்டன: குயின்ஸிலிருந்து 1899-இல் நாசா (Nassau) கவுண்டி பிரிந்தது, ரிச்மண்டும் சஃபோக்கும் அன்று ஒரே தொகுதியாக இருந்தவை. பின்னத்தைத் தள்ளிவிட்டுக் கூட்டுவதா, கூட்டிய பிறகு தள்ளுவதா? 3.6 இடமும் 2.6 இடமும் வரும் இரண்டு கவுண்டிகளைத் தனித்தனியே பார்த்தால் ஐந்து. சேர்த்துப் பார்த்தால் ஆறு. குடியரசுக் கட்சி ஒரு ஜோடிக்கு ஒரு முறையையும் மற்ற ஜோடிக்கு மற்றதையும் கையாண்டது. 2012 மே மாதம் மாநிலத்தின் உச்ச அமர்வான மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அனுமதித்தது.

அப்படிப் பிறந்த 46-ஆம் தொகுதி, ஆல்பனியைச் சுற்றி மேற்கேயும் தெற்கேயும் நீண்டு, வீடு கட்டி விற்கும் தொழிலில் இருந்த குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் அமெடோருக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. தேர்தல் நடந்தது. எண்ணிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு கட்டத்தில் அமெடோர் 37 வாக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். ஒதுக்கி வைத்திருந்த வாக்குச்சீட்டுகளில் ஒரு பகுதியை மேல்முறையீட்டுக்குப் பின் பிரித்தபோது, 2013 ஜனவரியில், செம்மறி ஆடு வளர்த்துக்கொண்டு பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்த ஜனநாயகக் கட்சியின் சிசிலியா கச்சிக் 18 வாக்கில் வென்றிருந்தார். 2014-இல் அமெடோர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கைதிகளை வீட்டு முகவரியில் எண்ணினால் சிறை ஊர்களுக்கு வரும் அரசு நிதி குறையுமா? குறையாது, சட்டம் எல்லைக்கோடுகளுக்கு மட்டும்.

விடுதலையானவர் வாக்களிக்கலாமா? 2021 முதல், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தாலும் பதிவு செய்து வாக்களிக்கலாம்.

பச்சை அட்டை இல்லாதவரை எண்ணுவது செல்லுமா? டெக்சாஸ் மாநில செனட் தொகுதிகள் பற்றிய வழக்கில் 2016-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மொத்த மக்கள்தொகையை அடிப்படையாகக் கொள்ளலாம் என்றது.

தொகுதி எண் ஏன் மாறியிருக்கிறது? 2022-இல் நீதிமன்றம், அந்த ஆண்டு சட்டமன்றம் வரைந்த வரைபடத்தை ரத்து செய்து, ஜோனதன் செர்வாஸ் என்ற வல்லுநரை வைத்து வரைய வைத்தது. இன்றைய 46 ஆல்பனி நகரத்தைச் சேர்ந்தது.

பதவிக்காலம்? இரண்டே ஆண்டு.

சிறைகள் அப்படியே இருக்கின்றனவா? லயன் மவுன்டன் 2011-லும் மோரையா 2022-லும் மூடப்பட்டுவிட்டன; டானமோரா இயங்குகிறது.

கணக்கெடுப்பு அலுவலகமே கைதிகளை வீட்டில் எண்ணுமா? 2020 வரை இல்லை. அடுத்த கணக்கெடுப்பு நாள் 2030 ஏப்ரல் 1.