கண்ணுக்கு இட்ட கட்டளை



செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சுண்ணாம்பு அரைத்தவர்கள் எந்த வாசலால் வந்து போனார்கள் என்று கேட்பவர் அரிது. அவர்களைக் குறை சொல்லவில்லை. காட்டியதைப் பார்த்தார்கள்.

1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் வெள்ளைச் சட்டை அணி ஒன்று, கறுப்புச் சட்டை அணி ஒன்று. ஓர் அணி எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறது என்று எண்ண வேண்டும். நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் நடந்து போகிறார். ஏறக்குறையப் பாதிப்பேர் அதைக் காணவே இல்லை. இது பலர் கேட்ட கதைதான். அதிகம் பேசப்படாத பகுதி வேறு: வெள்ளைச் சட்டையை எண்ணியவர்களே அதிகம் தவறவிட்டார்கள். வேடத்தின் நிறம் கறுப்பு. கறுப்பை ஒதுக்கப் பழகிய கண் அதையும் ஒதுக்கிவிட்டது.

நம் மண்ணில் அந்தப் பழக்கத்தைச் சட்டம்போலவே போட்டார்கள். இன்றைய சிவகங்கையையும் உள்ளடக்கிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டை கூடாது, கிராப்பு கூடாது, குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. பொன், வெள்ளி யாருக்கும் இல்லை. புழங்குவது மண்பாண்டம் மட்டும். மறு ஆண்டு தடைகள் பதினொன்றாயின.

இதை அவமதிப்பு என்று மட்டுமே படித்துவந்தோம். எட்டும் கண்ணுக்குத் தெரிகிறவை என்பதைக் கவனியுங்கள். தூரத்தில் வரும்போதே இன்னார் என்று தெரிந்துவிட வேண்டும்; முகத்தைப் பார்க்கும் தேவையே வரக் கூடாது.

பார்வையோடு இது நிற்பதில்லை. கார்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மேனும் 1947இல் எழுதிய நூலில் ஒரு படம் பற்றிச் சொல்கிறார்கள். ரயில் பெட்டிக்குள் ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பினத்தவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளையர் கையில் சவரக்கத்தி. படத்தைக் கண்டவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, பாதிக்கும் மேற்பட்ட சோதனைகளில் எங்கோ ஓரிடத்தில் கத்தி கறுப்பினத்தவர் கைக்கு மாறிவிட்டது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நம் ஊர் டீக்கடைப் பேச்சில் 'அவங்கதான் முதல்ல கை வச்சாங்க' என்பது இப்படித்தான் உருவாகிறது.

உண்மை அறியும் குழுவில் போகிற மாணவர்களுக்கு இது மிக முக்கியம். நம் பக்கத்துச் சாட்சியின் நினைவும் இதே மண்ணால் ஆனதுதான். 'எத்தனை பேர் அரிவாளோடு வந்தார்கள்' என்று கேட்டால், கேள்வியே அரிவாளைக் கையில் கொடுத்துவிடும். 'என்ன பார்த்தீர்கள் அண்ணே, முதலில் இருந்து சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சம்பவம் நடந்த அன்றே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். பார்க்கவில்லை என்று அவர் சொன்னால் அதையும் எழுதுங்கள். நல்லெண்ணத்தில் எல்லோரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து எழுதினால் மூன்று வாக்குமூலத்தில் ஒரே வாக்கியம் வந்து நிற்கும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைப்பது அந்த வாக்கியத்தில்தான்.