மெலனினும் சிமிலிபால் கரும்புலிகளும்

தோலுக்கும் முடிக்கும் இறகுக்கும் நிறம் தரும் இயற்கை நிறமி மெலனின். மெலனோசைட் என்னும் செல்கள் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இதை உண்டாக்கி, அண்டையிலுள்ள தோல் செல்களுக்கும் வளரும் முடிக்கும் அளிக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி டிஎன்ஏவைக் காப்பது மெலனினின் முக்கியமான பணி. மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் வகையுமே ஒருவரைக் கறுப்பாகவும் ஒருவரைச் சிவப்பாகவும் காட்டுகின்றன.

மெலனினில் முக்கிய வகைகள் இரண்டு. யூமெலனின் கருமையும் பழுப்பும் தரும். ஃபியோமெலனின் மஞ்சளும் செம்மையும் தரும். புலியின் வரிகள் யூமெலனினால் ஆனவை. வரிகளுக்கு இடையே உள்ள செம்மஞ்சள் ஃபியோமெலனினால் ஆனது.

ஒரு மரபணு மாறினாலே இந்தத் தோற்றம் மாறிவிடும். எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணு மாறிய புலியில் ஃபியோமெலனின் உண்டாவதில்லை. கரிய வரிகள் அப்படியே இருக்க, மற்ற இடங்கள் வெளுத்துவிடுகின்றன, அதுவே வெள்ளைப்புலி. கர்நாடகத்தின் கபினிக் காட்டில் காணப்படும் கருஞ்சிறுத்தையின் நிலை இதற்கு நேர்மாறு. அதன் உடல் முழுவதும் யூமெலனின் பரவியிருக்கிறது. ஆயினும் நல்ல வெளிச்சத்தில் அதன் புள்ளிகள் தெரியும்.

ஒடிசாவின் சிமிலிபால் கரும்புலி இவ்விரண்டிலும் சேராதது. அதன் வரிகள் தடித்து, ஒன்றோடொன்று இணைந்து, முதுகையே மூடியிருக்கும். பெங்களூருவிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணன், வினய் சாகர் குழுவினர் இதன் காரணத்தைக் கண்டறிந்து 2021-ல் வெளியிட்டனர். டாக்பெப் என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. கருமை எங்கெங்கே படிய வேண்டும் என்பதை வகுப்பதில் இந்த மரபணுவுக்குப் பங்குண்டு. சில வீட்டுப் பூனைகளின் அகன்ற வரிகளுக்கும் இதே மரபணுவின் மாற்றங்களே காரணம். சென்னை வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் இத்தகைய கரும்புலி பிறந்திருக்கிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு கிடைத்தால்தான் குட்டி கரும்புலியாகும். சிமிலிபால் புலிகள் எண்ணிக்கையில் குறைந்து, பிற காடுகளிலிருந்து துண்டிக்கப்பட்டு, தங்களுக்குள்ளேயே இணைசேர்ந்து வந்ததால் இந்த அரிய மாற்றம் அங்கே பெருகிவிட்டது. மரபுவளத்தைக் கூட்ட, மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து இரண்டு பெண்புலிகள் 2024-ல் அங்கே கொண்டுவரப்பட்டன. கரும்புலியின் அழகு வியப்புக்குரியதுதான். ஆனால் அது, காடுகளை இணைக்கும் வழித்தடங்களைக் காக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும்கூட.