தூத்துக்குடியில் ரூம் போடப் போறீங்களா? வாடகைக்கு முன்னாடி இதைக் கேளுங்க!

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி, ஆகஸ்ட் 5 வரை நடக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் ரூம் போடும்போது வாடகையை மட்டும் பார்த்தால் போதாது.

எந்த ஏரியா?

கோயில்தான் முக்கியம் என்றால் கடற்கரைச் சாலை, கிரேட் காட்டன் ரோடு பக்கம் வசதி. ஆனால், பழைய நகரத்தில் தெருக்கள் குறுகல். காரில் வந்தால் பார்க்கிங் இருக்கா என்று முன்கூட்டியே கேளுங்கள். திருச்செந்தூர், மணப்பாடும் போகணும்னா பஸ் ஸ்டாண்டு பக்கம் தங்குவது நல்லது.

செக்-அவுட் எப்போ?

பணம் போவது இங்கேதான். சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் காலையில் வந்து சேரும். இரவு திரும்பக் கிளம்பும். காலை 7 மணிக்கு ரூம் எடுத்து, அன்றிரவே காலி செய்வதாக வைத்துக்கொள்வோம். '24 மணி நேர செக்-அவுட்' என்றால் ஒருநாள் வாடகைதான். 'பகல் 12 மணி செக்-அவுட்' என்றால், 5 மணி நேரத்திலேயே முதல் நாள் கணக்கு முடிந்துவிடும். இரண்டு நாள் வாடகை கேட்கலாம். அப்போது 800 ரூபாய் ரூமைவிட 1,200 ரூபாய் ரூமே லாபம்!

ஜிஎஸ்டி எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல், ஒருநாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள ரூம்களுக்கு 5 சதவீதம்தான். பில்லில் பழைய 12 சதவீதம் இருந்தால் தயங்காமல் கேளுங்க.

போனில் புக் செய்யும்போதே செக்-அவுட் நேரம், வரியோடு மொத்தத் தொகை இரண்டையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொண்டால், கிளம்பும்போது கவுண்டரில் வாக்குவாதம் இருக்காது.