நாலந்தாவை நாடிய மாணவர்

கல்வியை நாடிக் கடல் கடந்து செல்லும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியது அன்று. இக்காலத்தில் நம் நாட்டு இளைஞர் பலர் மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடிச் செல்கின்றனர். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்போ, பிற நாட்டு மாணவர் நம் நாட்டை நோக்கி வந்தனர். அவர்களை ஈர்த்தது மகத நாட்டில், அஃதாவது இன்றைய பீகார் மாநிலத்தில், சிறந்து விளங்கிய நாலந்தாப் பெரும்பள்ளி ஆகும். சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்து அங்குக் கற்றோர் பலர். அயல்நாட்டிற்குக் கற்கச் செல்வோர் எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ளுதல் வேண்டும் என்பதைத் தாமே பட்டறிந்து, பின்வருவோர்க்காக எழுதியும் வைத்தார் அவர்களுள் ஒருவர். அவரே இட்சிங் என்னும் சீனத் துறவி.

நாலந்தாவில் இடம் பெறுதல் எளிதன்று. இட்சிங்குக்கு முன் அங்குப் பயின்ற யுவான் சுவாங் இதனைக் குறித்துள்ளார். புதிதாக வந்தோரை வாயில் காப்போன் அரிய வினாக்கள் கேட்பான். விடை கூற மாட்டாமல் பதின்மரில் எழுவரோ எண்மரோ வந்த வழியே திரும்புவர். பல திங்கள் நடந்தும், பாலையும் பனிமலையும் கடந்தும் வந்த ஒருவன் வாயிலிலிருந்தே திரும்ப நேர்ந்தால், அவன் உள்ளம் என்ன பாடுபடும்!

இட்சிங் 635ஆம் ஆண்டில் பிறந்தவர். இந்திய நாட்டிற்குச் செல்லும் விருப்பம் பதினெட்டாம் அகவையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. எனினும் முப்பத்தேழாம் அகவையில்தான் அது கைகூடிற்று. 670ஆம் ஆண்டில் சீனத் தலைநகரில் அவரும் நண்பர் சிலரும் ஒருங்கு புறப்படத் திட்டமிட்டனர். ஆனால் ஒருவர் தம் முதிய தாயைப் பிரிய மாட்டாதவராய் நின்றுவிட்டார். ஏனையோரும் ஒவ்வொருவராகப் பின்வாங்கினர். அவர்களைக் குறை கூறுதல் பொருந்தாது. அந்நாளில் அயல்நாடு சென்றோர் மீள்வர் என்பது உறுதியன்று. இட்சிங்குக்கும் ஒரு தயக்கம் இருந்தது. அவர்தம் ஆசிரியர் முதுமை எய்தியிருந்தார். அவரிடம் சென்று தம் கருத்தைக் கூறியபோது, இத்தகைய வாய்ப்பு இருமுறை வாராது என்று சொல்லி ஆசிரியரே மகிழ்ந்து விடைகொடுத்தார்.

671ஆம் ஆண்டின் இறுதியில், வாடைக்காற்று வீசும் பருவத்தில், காண்டன் துறைமுகத்திலிருந்து பாரசீகக் கப்பல் ஒன்றில் இட்சிங் ஏறினார். இளந்துறவி ஒருவரே அவருக்குத் துணை. இருபது நாளுக்குள் கப்பல் சுமத்திராத் தீவிலிருந்த ஸ்ரீவிசயத்தை அடைந்தது. துணைவந்த இளைஞர் நோயுற்று, அங்கிருந்தே தாயகம் திரும்பினார். இட்சிங் தனியரானார்.

அவர் உடனே நாலந்தாவுக்கு விரைந்தாரல்லர். ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர்த் தமிழர் கடாரம் என வழங்கிய துறைக்கு வந்து, அங்கிருந்து அரசனது கப்பலில் வங்கக் கடலைக் கடந்து, 673ஆம் ஆண்டில் தாமிரலிப்தித் துறைமுகத்தில் இறங்கினார். இந்திய மண்ணை மிதித்த பின்னரும் மேலும் ஓராண்டு மொழிப்பயிற்சியிலேயே கழிந்தது. அங்கு அவருக்கு உதவியவர் யுவான் சுவாங்கின் மாணவராகிய மற்றொரு சீனத் துறவி.

இத்துணைக் காலத்தை மொழிக்கு ஏன் செலவிட்டார்? நாலந்தாவில் பாடமும் சொற்போரும் வடமொழியில் நிகழ்ந்தன. மொழி அறியாதவன் அவ்வவையில் செவியிருந்தும் கேளாதவனே ஆவான். நம் நாட்டுச் சிறுவர் அம்மொழியைக் கற்கும் முறையை இட்சிங் விரிவாக எழுதியுள்ளார். ஆறு வயதில் எழுத்துகளைத் தொடங்குவர். எட்டு வயதில் பாணினியின் நூற்பாக்களை எட்டுத் திங்களில் மனப்பாடம் செய்வர். பத்து வயதில் அடுத்த நூல்களைத் தொடங்கி மூன்றாண்டு பயில்வர். பதினைந்தில் உரையைக் கற்கத் தொடங்கி ஐந்தாண்டில் தெளிவர். பிறந்த நாட்டினர்க்கே இவ்வளவு காலம் வேண்டுமாயின், அயல்நாட்டார்க்குக் கூறவும் வேண்டுமோ? அவ்வுரையை முதலில் கல்லாமல் பிற நூல்களில் புகும் சீன மாணவரின் உழைப்பு வீணாகும் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

தாமிரலிப்தியிலிருந்து வணிகர் கூட்டத்தோடு நடந்து சென்றபோது இட்சிங் நோயுற்றுப் பின்தங்கினார். மாலை வேளையில் கள்வர் சூழ்ந்து, உடுத்த உடையையும் பறித்துச் சென்றனர். வெண்ணிறம் உடையாரைப் பலியிடுவர் என்று யாரோ கூறக் கேட்டிருந்தார் அவர். உடல் முழுவதும் சேற்றைப் பூசி, இலைகளால் மறைத்து, கோலூன்றி நடந்து, இரவில் கூட்டத்தாரை அடைந்தார்.

நாலந்தாவில் அவர் கற்றது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். அங்கு எட்டு மன்றங்களும் முந்நூறு அறைகளும் இருந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட துறவியர் வாழ்ந்தனர். 200க்கு மேற்பட்ட ஊர்களின் வருவாய் அவர்களைத் தாங்கியது. நாழிகை வட்டில் பொழுது காட்ட, மணியோசை கேட்டு யாவரும் குளத்தில் நீராடச் சென்றனர். ஒருநாள் அங்கிருந்த சீன நூல்களைப் புரட்டியபோது, கொரிய நாட்டுத் துறவி ஒருவர் தம் கையால் எழுதிய குறிப்பு அவர் கண்ணிற்பட்டது. எழுதியவர் எங்கே என்று வினவினார். அவர் அங்கேயே இறந்தார் என்று விடை வந்தது. தம்மைப்போல் கற்கப் புறப்பட்ட 56 துறவியரின் வரலாற்றை இட்சிங் பின்னாளில் தொகுத்தார். அவர்களுள் ஊர் திரும்பாதோர் பலர்.

ஏறத்தாழ 400 நூல்களுடன் இட்சிங் மீண்டும் ஸ்ரீவிசயம் சேர்ந்து மொழிபெயர்க்க அமர்ந்தார். அங்கோ தாளும் மையும் போதவில்லை. அவற்றை அனுப்புமாறு கேட்டு 689ஆம் ஆண்டில் காண்டனுக்கு மடல் விடுக்கக் கப்பலில் ஏறினார். அவ்வேளையில் காற்று வாய்ப்பாக வீசவே, பாய் விரித்துக் கப்பல் புறப்பட்டுவிட்டது! மடல் மட்டும் செல்ல வேண்டிய ஊருக்கு அவரே சென்று சேர்ந்தார். நூல்களோ ஸ்ரீவிசயத்தில் கிடந்தன. உதவியாளர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு அவ்வாண்டிலேயே திரும்பி வந்தார்.

அங்கிருந்து எழுதியனுப்பிய நூலில், இந்தியாவிற்குக் கற்கச் செல்ல விரும்பும் சீனத் துறவியர் முதலில் ஸ்ரீவிசயத்தில் ஓரிரு ஆண்டு தங்கிப் பயின்று, அதன் பின்னரே மேற்செல்லுதல் நலம் என்று அவர் அறிவுறுத்தினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவியர் அந்நகரில் இருந்தனர். அவர்தம் கல்விமுறையும் ஒழுகலாறும் நடு இந்தியாவில் உள்ளவை போன்றே இருந்தன.

695ஆம் ஆண்டில் இட்சிங் தாயகம் திரும்பியபோது சீனப் பேரரசியே எதிர்சென்று வரவேற்றார். அதன்பின் 713ஆம் ஆண்டில் இறக்கும்வரை மொழிபெயர்ப்புப் பணியிலேயே அவர் ஈடுபட்டிருந்தார்.