அரிப்பு நின்றால் படர்தாமரை போய்விட்டதா?

நம் கீழ்பென்னாத்தூர் பகுதியில் வியர்வையும் ஈரமுமாக வேலை செய்பவர்களுக்குப் படர்தாமரை எளிதில் வரும். இது பூஞ்சைத் தொற்று.

பூஞ்சையின் செல்சுவரில் பீட்டா-குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. நம் உடலின் செல்களில் அது கிடையாது. ஆகவே நம் வெள்ளையணுக்கள் அதை அந்நியப் பொருளாக அறிந்துகொள்கின்றன. அவற்றின் மேலுள்ள டெக்டின்-1 என்ற புரதம் அந்தச் சர்க்கரையைப் பற்றியதும், வெள்ளையணு பூஞ்சையைத் தாக்கத் தொடங்கி, மற்ற அணுக்களையும் துணைக்கு அழைக்கிறது. சிவப்பும் அரிப்பும் இந்தப் பிறவி எதிர்ப்பாற்றல் வேலை செய்வதன் அடையாளங்கள்.

கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது இந்த எதிர்ப்பையே அடக்கிவிடும். அரிப்பு நிற்கும், பூஞ்சையோ தடையின்றிப் பரவும். களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என அறிவித்தது.

எனவே சகோதர சகோதரிகளே, படர்தாமரை கண்டால் வெட்கப்படாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். ஒளு செய்தபின் கால்விரல் இடுக்குகளை நன்றாகத் துடைப்போம். துண்டு ஆளுக்கொன்றாக இருக்கட்டும்.